காயப்பட்ட கையும் கையொப்பமிட்ட காகிதமும்

பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடை நடத்துபவர்களுக்கு லொறியிலிருந்து தகடு இறக்கும் நேரம் பயமான நேரம்தான். 2023 இல் ஒரு பகல் வேளை, எமது கடை வாசலில் கூரைத் தகட்டுக் கட்டு வழுக்கியது. ஐந்து வருடங்களாக என்னிடம் நின்ற தம்பியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

கையைத் துணியால் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதுவரை நான் செய்தது சரி. பிறகு செய்ததுதான் பிழை. மருந்துச் செலவுடன் ஐம்பதாயிரம் ரூபா கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி, முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கினேன். "முதலாளி சொன்னால் சரிதான்" என்று அவர் இடது கையால் கீறினார்.

சட்டத்தரணியான என் மச்சான் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது சல்லிக்கும் உதவாது" என்றார். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் உடன்படிக்கை செல்லாது. நான் கொடுத்தது தர்மமும் அல்ல. அது அவருடைய ஹக்.

அன்று நான் படித்தவற்றை எமது வர்த்தக சகோதரர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் வைத்தியம். ஆஸ்பத்திரியில் காயம் வேலையில் ஏற்பட்டது என்பதைச் சொல்லுங்கள். தரும துண்டுகளையும் கிளினிக் புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள். அன்றே திகதி, நேரம், நடந்த விதம், கண்டவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போனால் நட்டஈட்டுப் பொறுப்பு வருகிறது. தொகை சம்பளத்தையும் காயத்தின் அளவையும் வைத்துக் கணக்கிடப்படும். சம்பளப் புத்தகம் இல்லாத கடைக்காரர் இங்கேதான் மாட்டிக்கொள்வார், நானும் மாட்டினேன். 550,000 ரூபாவாக இருந்த உச்சத் தொகை 2022 திருத்தத்தில் 20 இலட்சமாக உயர்ந்தது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நேரும் விபத்துகளும் உள்ளடக்கப்பட்டன.

மரணம் நேர்ந்தால் குடும்பத்தின் கையில் நேரடியாகப் பணம் கொடுத்து முடித்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். நட்டஈட்டை வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். நேரடியாகக் கொடுத்தது நட்டஈடாகக் கணக்கில் வராது. மர ஆலை, அரவை ஆலை, பட்டறை போன்றவை நடத்துவோர் பாரிய விபத்துகளைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கும் அறிவிக்க வேண்டும்.

தொழிலாளியும் தாமதிக்கக் கூடாது. முதலாளிக்கு உடனே அறிவித்து, கோரிக்கையை இரண்டு வருடங்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். நிரந்தரமாக முழுமையாக அங்கவீனமடைந்தவருக்கு ஈ.டீ.எஃப். நன்மையும் உண்டு. ஆனால் அதற்கு முதலாளி மாதா மாதம் 3 வீதம் கட்டியிருக்க வேண்டும்.

நான் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆணையாளர் அலுவலகத்துக்குப் போனேன். தீர்மானித்த தொகையைத் தவணையின்றிச் செலுத்தினேன். அந்த மாதம் கடைக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதன் பின்னரே தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி எடுத்தேன். வருடக் கட்டணத்தைப் பார்த்தபோது, இதற்கா இவ்வளவு காலம் கஞ்சத்தனம் செய்தேன் என்று வெட்கமாயிருந்தது.

அவர் இன்று எமது கடையில் ஸ்டொக் புத்தகம் எழுதுகிறார், இடது கையால். தகடு இறக்குபவர்களுக்குத் தடித்த கையுறை கொடுக்காமல் லொறிக் கதவைத் திறக்கவும் அவர் விடமாட்டார்.