திறன்பேசியும் றூட் உரிமையும்

அண்ட்ரொயிட் இயங்குதளம் லினக்ஸ் என்னும் கருவின்மீது அமைந்தது. அதில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் உண்டு. ஒன்றன் கோப்பை மற்றொன்று தொடவொண்ணாது. எண் 0 உடைய பயனரே 'றூட்'; அவருக்குத் தடை இல்லை. கருவியை விலைகொடுத்து வாங்கியவர்க்கோ அவ்வுரிமை வழங்கப்படுவதில்லை. அதனைத் தாமே பெறுதலை 'றூட் செய்தல்' என்பர்.

2014 ஆம் ஆண்டு மே மாதம் இந்தியாவில் 6,999 ரூபாவுக்கு விற்பனைக்கு வந்த மோட்டோ ஈ என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் அகச்சேமிப்பு 4 ஜிகாபைற். அதில் பயனருக்கு எஞ்சியது ஏறத்தாழ 2.2. சில செயலிகளை நிறுவியதும் இடம் முட்டுப்படும். கருவியோடு வந்த செயலிகளை றூட் உரிமையால் நீக்கிவிட்டால் இடம் பெருகுமெனக் கருதுவாருளர். அது பிழை. அவை உறைவது 'சிஸ்டம்' பகுதியில். பயனரின் செயலிகள் உறைவது 'டேற்றா' பகுதியில். அயல்வீட்டு அறை வெறுமையானால் நம் வீடு அகலுமா? அச்செயலிகளின் பிற்காலப் புதுப்பிப்புகள் டேற்றாவில் பிடித்த சிற்றிடம் மட்டுமே மீளும். நினைவக அட்டையில் இரண்டாம் பகுதியொன்றை வகுத்து, செயலிகளை அங்கு பெயர்த்து, பழைய இடத்தில் இணைப்புக்குறியை விடுதலே உண்மையில் பயன் தரும் வழி. இதற்கு றூட் உரிமை இன்றியமையாதது.

இழப்பும் சிறிதன்று. பூட்லோடர் எனும் தொடக்கநிரலின் பூட்டைத் திறக்கும் போதே டேற்றா முழுவதும் அழிக்கப்படும். படங்களைப் படியெடுத்து வையாதவர் அவற்றை இழப்பர். றூட் அனுமதி பெற்ற செயலி ஏனையவற்றின் மறைபொருளையும் படிக்கவல்லது. ஆதலின் வங்கிச் செயலிகள் பல, அத்தகைய கருவியில் இயங்க மறுக்கின்றன.