அப்பாயியின் பத்துக் கேள்விகள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாக வானில் எழும்பியபோது, அது பறந்தது 12 வினாடிகள்தாம். கடந்த தூரம் 120 அடி. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளை விமானத்தில் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாக அவற்றைச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். இன்றோ, வயல் வரப்பில் நடந்தே பழகிய பாட்டிமார்கூடப் பேரப்பிள்ளையைக் காணக் கடல் கடந்து பறக்கிறார்கள்.

அவர்களுள் ஒருவர் என் அப்பாயி. சிங்கப்பூரிலுள்ள என் அத்தைக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியது. அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மாவால் எங்களை விட்டுப் போக இயலாது. ஆகவே அறுபத்தெட்டு வயது அப்பாயி தனியாகவே புறப்பட வேண்டியதாயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர்; எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பார், ஆங்கிலம் அறியார். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "ஏன் கண்ணு, அங்க இப்படியாமே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை ஆசிரியைகளிடமும், அடிக்கடி பயணம் செய்யும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு அறிந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்துக் கேள்விகளையே தோழியரே, உங்கள் முன் வைக்கிறேன்.

1. "பஸ்ஸைப் போலக் கை காட்டினால் நிற்காதா? எத்தனை மணிக்குப் போகவேண்டும்?"

வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரமும், உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரமும் முன்னதாகச் சென்றுவிடுவது நல்லது. பல நிறுவனங்கள், விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுகின்றன. விமானத்துக்குள் ஏறும் வாயிலையும் புறப்பாட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்பே சாத்திவிடுகின்றனர். ஏன் இந்த அவசரம்? பெட்டிகளைச் சோதிக்க வேண்டும். ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் ஆகியவற்றின் எடையைக் கூட்டி, விமானம் சமநிலையில் நிற்குமா என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு முடிந்தபின் ஒருவரைச் சேர்த்தால் எல்லாவற்றையும் மீண்டும் பார்க்க வேண்டியதாகும்.

2. "முழங்கால் வலிக்குமே, அவ்வளவு தூரம் நடக்க முடியுமா?"

முதியோருக்கும் நோயாளிகளுக்கும் சக்கர நாற்காலி உண்டு. பயணச்சீட்டு வாங்கும்போதே, அல்லது புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாவது, விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். அழைத்துச் செல்லும் ஊழியரே சோதனை, குடிநுழைவு ஆகிய எல்லா இடங்களையும் கடக்க உதவுவார். தனியாகச் செல்லும் முதியோருக்கு இது கால்களுக்கு மட்டுமன்று, மனத்துக்கும் துணை. கேட்க வெட்கப்பட்டால் நஷ்டம் நமக்கே.

3. "எத்தனை கிலோ கொண்டுபோகலாம்?"

கையோடு எடுத்துச் செல்லும் பை பெரும்பாலும் 7 கிலோ. கீழே சரக்கறையில் ஏற்றும் பெட்டியின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம், சீட்டுக்குச் சீட்டு மாறும். நம் பயணச்சீட்டிலேயே அது அச்சிட்டிருக்கும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் கட்டணம் உண்டு. எவ்வளவு பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வழக்கம். காரணம் இயந்திரமன்று, மனிதர். அந்தப் பெட்டிகளைக் குனிந்து தூக்கி அடுக்குகிற தொழிலாளரின் முதுகெலும்பைக் காப்பதற்காகவே இந்த வரம்பு. வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால் கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து புடவைகளைக் கடைபரப்ப வேண்டியதில்லை.

4. "கொப்பரை, நல்லெண்ணெய், ஊறுகாய் எடுத்துப் போகலாமா?"

அப்பாயிக்கு மிகுந்த வருத்தம் தந்த பதில் இது. கொப்பரைத் தேங்காயைக் கைப்பையிலும் வைக்கக்கூடாது, பெட்டியிலும் வைக்கக்கூடாது. எண்ணெய்ச்சத்து மிகுந்த கொப்பரை, குவியலாக இருக்கும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. ஆகையால் உலக நாடுகளின் அபாயப் பொருள் பட்டியலில் அதற்கு 1363 என்று ஓர் எண்ணே கொடுத்திருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு முதல் இந்திய விமான நிலையங்களின் தடைப் பட்டியலிலும் அது இடம்பெற்றுவிட்டது. நம் சமையலறையில் சாதுவாக இருப்பது ஆகாயத்தில் அபாயமாகிறது!

எண்ணெய், ஊறுகாய் போன்றவற்றை நன்கு கட்டி, பெரிய பெட்டியில் வைத்துவிடலாம். வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் உள்ள நீர்மங்கள் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத குப்பிகளில், ஒரு லிட்டர் அளவுள்ள கண்ணாடி போன்ற பைக்குள் இருக்கவேண்டும். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், குளிர்பானப் புட்டிகளில் வெடிநீர்மத்தை நிரப்பி, லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கத் தீட்டிய சதி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு வந்ததே இக்கட்டுப்பாடு. குழந்தையின் பாலுக்கும் தேவையான மருந்துக்கும் விலக்கு உண்டு. புதிய கருவிகள் வந்துள்ள சில வெளிநாட்டு விமான நிலையங்களில் இந்த அளவைத் தளர்த்தி வருகிறார்கள். ஆனால் வழியில் எந்த நிலையத்தில் எந்தக் கருவி என்று நாம் ஆராய இயலாது; 100 என்ற எண்ணையே மனத்தில் வைத்துக்கொள்வது மேல்.

5. "கைப்பேசிக்கு உயிர் கொடுக்கும் கட்டையை எங்கே வைப்பது?"

அப்பாயி 'கட்டை' என்பது பவர் பேங்கை. இதைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும். பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. அதிலுள்ள லித்தியம் மின்கலம் பழுதுபட்டால் தன்னைத் தானே சூடேற்றிக்கொண்டு எரியும். அது பயணிகள் அறையில் நேர்ந்தால் பணியாளர் உடனே கண்டு அணைக்க முயல்வர். சரக்கறையில் நேர்ந்தால் யார் காண்பார்? 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. கணக்கு எளிது: மில்லி ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுக்கவேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் விடை 74, அனுமதிக்கு உட்பட்டதே. இயற்பியல் பாடம் எதற்குப் பயன்படும் என்று இனி நான் கேட்கமாட்டேன்! விமானத்துக்குள் இதைப் பயன்படுத்துவதற்கும் இப்போது பல நிறுவனங்கள் தடை விதித்துள்ளன.

6. "பெட்டி தனியாகப் போகிறதே, தொலைந்துவிடாதா?"

பெட்டியில் கட்டும் சீட்டில் ஒரு பட்டைக் குறியீடும், இறங்கும் ஊரின் மூன்றெழுத்துக் குறியும் இருக்கும். சென்னைக்கு எம்.ஏ.ஏ.; மதராஸ் என்ற பெயர் 1996-இல் சென்னை என மாறிய பின்னும் குறி மாறவில்லை. திருச்சிக்கு டி.ஆர்.இஸட்., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என். சீட்டில் சரியான குறி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டு, நமக்குத் தரும் துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பெட்டியை ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறாவிட்டால் அவர் பெட்டியையும் இறக்கிவிடுவார்கள். இவ்விதியின் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. 1985-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் மாண்டனர். குண்டு இருந்த பெட்டியை ஒப்படைத்தவன் விமானத்தில் ஏறவே இல்லை. ஒருவருக்காக நாம் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் முணுமுணுக்காமல் இதை நினைத்துக்கொள்வோம்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே நிறுவனத்தின் மேசையில் எழுத்துமூலம் புகார் செய்து நகல் பெறவேண்டும். 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமடைந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுதிக் கேட்கவேண்டும்.

7. "பாஸ்போர்ட்டில் என்னத்தைப் பார்ப்பார்கள்?"

பயணச்சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். சிங்கப்பூர் உள்ளிட்ட பல நாடுகள், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. விசாவோடு, சிங்கப்பூருக்கான வருகை அட்டையையும் சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் கணினி வழியே நிரப்பவேண்டும்.

இங்கே பத்தாம் வகுப்புத் தோழியருக்கு ஒரு செய்தி. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஒரு குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் தனி அனுமதி பெறவேண்டும். கல்வியறிவு குறைந்தவர்களைத் தரகர்கள் ஏமாற்றிவிடாமல் காப்பதற்கே இது. ஐம்பது வயது கடந்தவர்களுக்கு இது தேவையில்லை. அதனால் அப்பாயிக்குத் தொல்லையில்லை. ஆனால் நாம் எழுதப்போகும் தேர்வின் சான்றிதழ், விமான நிலையத்தின் குடிநுழைவு மேசை வரை நம்மோடு வருகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

8. "விமானம் வராவிட்டால் நடுவழியில் என்ன செய்வேன்?"

இந்தியாவில் இதற்கு விதிகள் உள்ளன. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தரவேண்டும்; நீண்ட பயணத்துக்கு இந்த வரம்பு கூடும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். சீட்டு இருந்தும், இடமில்லை என்று ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று ஏற்பாடும் செய்யாவிட்டால் 20,000 ரூபாய் வரை இழப்பீட்டுக்கு வழியுண்டு. புயல், மூடுபனி போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை. நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் அரசின் 'ஏர்சேவா' தளத்தில் முறையிடலாம். சத்தம் போடுவதைவிடச் சட்டம் அறிந்து பேசுவது பயன் தரும்.

9. "ஏன் விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள்?"

விபத்து நேர்ந்தால் அது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பயணிகள் விமானம், அதன் வாயில்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 வினாடிகளில் அனைவரும் வெளியேறக்கூடியது என்று மெய்ப்பித்த பின்பே பறக்க அனுமதி பெறுகிறது. வெளியே இருட்டு, உள்ளே பளிச்சென்ற வெளிச்சம் என்றால் இறங்கியதும் கண் தெரியாது. விளக்கைக் குறைத்தால் கண் இருட்டுக்குப் பழகும். ஜன்னல் திறந்திருந்தால் எந்தப் பக்கம் தீ, எந்தப் பக்கம் வழி என்று காணலாம்.

10. "காது அடைக்குமாமே?"

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. விமானத்துக்குள் அழுத்தத்தைக் கூட்டினாலும், ஏறத்தாழ 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போன்ற நிலையே இருக்கும். செவிப்பறைக்கு உட்புறமும் வெளிப்புறமும் அழுத்தம் வேறுபடுவதால் காது அடைக்கிறது. எச்சிலை விழுங்கினாலும், கொட்டாவி விட்டாலும், மிட்டாய் சப்பினாலும் தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழல் திறந்து சரியாகிவிடும்.

புறப்பட்ட நாள் வந்தது. சீட்டில்லாதவர்க்கு உள்ளே இடமில்லை. நாங்கள் வாயிலோடு நின்றோம், நோட்டு மட்டும் அப்பாயியோடு உள்ளே போனது. எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒன்றைத் தவிர. அப்பாயியின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை. அதற்குள் அவருடைய தாயார் கொடுத்த பாக்குவெட்டி. கூரிய பொருளைக் கையோடு கொண்டுபோகக்கூடாது என்று எனக்குத் தெரியும். கத்தி, கத்தரிக்கோல் என்று எழுதினேன். தினமும் கண்ணால் கண்ட பாக்குவெட்டியை மறந்தேன். பெட்டியில் வைத்திருந்தால் அது பத்திரமாகப் போயிருக்கும். பெட்டியோ அதற்குள் உள்ளே போய்விட்டது. காவல் அலுவலர் மரியாதையாகவே எடுத்துச் சொன்னாராம். அப்பாயி அதை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். ஐம்பது ஆண்டு அவரோடு இருந்த பொருள்! தொலைபேசியில் இதைக் கேட்டு நான் அழுதபோது, "போகட்டும் கண்ணு, நோட்டு இருந்துச்சு, நான் பயப்படல" என்றார்.

விதிகள் எல்லாம் நம்மை வாட்டுவதற்கென்று வந்தவையல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. சிலவற்றின் பின்னால் பல உயிர்கள் இருக்கின்றன. காரணம் தெரிந்தால் அச்சம் நீங்கும். ஆங்கிலம் தெரியாத நம் வீட்டு முதியோர்க்கு அக்காரணத்தைத் தமிழில் எடுத்துச் சொல்வது படிக்கின்ற நம் கடமையன்றோ?

மூன்று மாதம் கழித்து அப்பாயி திரும்பி வந்தார். இப்போது அந்த நோட்டு குவைத்துக்குப் போகும் எங்கள் தெருவாசி ஒருவரிடம் இருக்கிறது. கொடுக்குமுன் புரட்டிப் பார்த்தேன். பத்தாம் கேள்விக்குக் கீழே, கோணல்மாணலான எழுத்தில், அப்பாயி தாமே எழுதியிருந்தார்: "11. பாக்குவெட்டியைப் பெட்டியில் வைக்கவும்."