ஒரு வினாடியில் இடறிய கணிப்பொறிகள்

2012-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டு நேரப்படி காலை 5 மணி 29 நிமிடம் 59 வினாடி. அடுத்த வினாடியில் 5.30 ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. இடையில் ஒரு வினாடி கூடுதலாக நுழைந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் 61 வினாடிகள்!

நம்மில் எவரும் அதை உணர்ந்திருக்க மாட்டோம். ஆனால் உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகள் அந்த வினாடியில் இடறின. அமெரிக்காவின் ரெட்டிட் என்னும் இணையதளம் நின்றது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிலையங்களில் பயணிகளைப் பதிவு செய்யும் கணிப்பொறி அமைப்பு முடங்கியதால், ஊழியர்கள் கையாலேயே எழுதிப் பயணிகளை ஏற்றினார்கள், விமானங்கள் தாமதமாயின. ஜெர்மனியில் ஹெட்ஸ்னர் என்னும் நிறுவனத்தின் கணிப்பொறிக் கூடங்களில் மின்சாரச் செலவு திடீரென ஏறத்தாழ 1 மெகாவாட் உயர்ந்தது. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் ஆயிரத்தை ஒரே நேரத்தில் போட்டால் எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அவ்வளவு. அத்தனையும் எந்த வேலையும் செய்யாமல் வீணாக வெப்பமாய்ப் போயிற்று.

இதற்குக் காரணம் லினக்ஸ் என்னும் இயக்க முறைமையின் கருப்பகுதியில், அதாவது கெர்னலில், ஐந்து ஆண்டுகளாக ஒளிந்திருந்த ஒரு சிறு பிழை. அந்தப் பிழை எப்படி உண்டாயிற்று, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதைக் காண்போம்.

முதலில் அந்தக் கூடுதல் வினாடியைப் பற்றி. பழைய காலத்தில் ஒரு வினாடி என்பது ஒரு நாளில் 86,400-இல் ஒரு பங்கு. பூமிதான் கடிகாரம். 1967-இல் இந்த இலக்கணம் மாற்றப்பட்டது. சீசியம்-133 அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 919,26,31,770 அலைவுகள் ஒரு வினாடி என்று வகுத்தார்கள். அணு மாறாது. ஆனால் பூமி அப்படியல்ல. சந்திரனால் எழும் ஓதங்கள் அதன் சுழற்சிக்குத் தடை போடுகின்றன. உள்ளே இருக்கும் உருகிய உலோகமும் மேலே இருக்கும் காற்றும் அதைச் சற்றே முன்னும் பின்னுமாக இழுக்கின்றன. அணுக்கடிகாரம் காட்டும் நாளைவிட உண்மையான நாள் 2 மில்லி வினாடி நீளமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 நாட்களில் வித்தியாசம் ஒரு முழு வினாடி. ஆகவே 1972 முதல், தேவைப்படும்போது ஜூன் அல்லது டிசம்பர் இறுதியில் ஒரு வினாடியைச் சேர்த்து அணுநேரத்தைப் பூமியோடு இணக்கி வந்தார்கள். இதுவே லீப் வினாடி. 2012-இல் சேர்த்தது 25-ஆவது.

லீப் ஆண்டை நாம் பல நூற்றாண்டுகள் முன்பே கணித்துவிடலாம். லீப் வினாடி அவ்வாறல்ல. பூமியை அளந்து பார்த்து, ஏறத்தாழ ஆறு மாதம் முன்னால்தான் அறிவிப்பார்கள். கணிப்பொறிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி கெர்னலுக்கு வருவோம். கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடுகின்றன. எதற்கு எவ்வளவு நினைவகம், எது எப்போது செயலியைப் பயன்படுத்தலாம், எது எப்போது தூங்கி எப்போது எழ வேண்டும் என்பதையெல்லாம் பங்கிட்டுத் தருவது கெர்னல். லினக்ஸ் கெர்னலை 1991-இல் எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். எழுதியதைப் பூட்டி வைக்காமல், எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம் என்று திறந்துவிட்டார். முதலில் ஏறத்தாழ 10,000 வரிகளாக இருந்தது இன்று 3 கோடி வரிகளுக்கும் மேல் வளர்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளுக்குள் இருப்பதும் இதுதான். உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகள் அனைத்தையும் 2017 முதல் இயக்கி வருவதும் இதுதான்.

இந்தக் கெர்னல் நேரத்தை எப்படி எண்ணுகிறது? அதனிடம் இரண்டு கடிகாரங்கள் உண்டு என்று கொள்ளலாம். ஒன்று, ஓட்டப்பந்தயத்தில் பயன்படும் நிறுத்துக் கடிகாரம் போன்றது. கணிப்பொறி தொடங்கியதிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே போகும், ஒருபோதும் பின்வாங்காது. மற்றொன்று சுவர்க்கடிகாரம். இது தனியாக ஓடுவதில்லை. நிறுத்துக் கடிகாரத்தின் எண்ணோடு ஒரு 'வித்தியாசத்தை'க் கூட்டினால் சுவர்க்கடிகார நேரம் கிடைத்துவிடும்.

சுவர்க்கடிகாரம் 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து வினாடிகளை எண்ணுகிறது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு நாளுக்கும் சரியாக 86,400 வினாடிகள்தான். 61-ஆவது வினாடிக்கு அதில் இடமே இல்லை! எனவே லீப் வினாடி வரும்போது கெர்னல் ஒரு தந்திரம் செய்கிறது. வித்தியாசத்தில் ஒன்றைக் குறைத்துவிடுகிறது. சுவர்க்கடிகாரம் ஒரு வினாடி பின்னே தள்ளப்பட்டு, அதே வினாடியை இரண்டாம் முறை காட்டும். அவ்வளவுதான்.

ஆனால் கெர்னலில் 'அலாரம்' கொடுக்கும் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. "என்னை இத்தனை மணிக்கு எழுப்பு" என்று புரோகிராம்கள் அதனிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். விரைவாகக் கணக்கிடுவதற்காக இந்தப் பிரிவு அந்த வித்தியாசத்தின் ஒரு நகலைத் தன்னிடமே வைத்திருக்கிறது. சுவர்க்கடிகாரத்தை மாற்றினால், "கடிகாரம் மாறிவிட்டது, உன் நகலையும் மாற்றிக்கொள்" என்று இந்தப் பிரிவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். 2012-இல் லீப் வினாடிக்கு அந்தச் செய்தி போகவில்லை.

விளைவைப் பாருங்கள். ஒரு புரோகிராம் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறது. சரியாக 5.30. அரை வினாடி தூங்க நினைத்து, "5.30-க்கு மேல் அரை வினாடியில் எழுப்பு" என்கிறது. அலாரப் பிரிவின் பழைய நகல்படியோ அப்போது 5.30-க்கு மேல் ஒரு வினாடி ஆகிவிட்டது. "அடடா, நேரம் கடந்துவிட்டதே!" என்று உடனே எழுப்புகிறது. எழுந்த புரோகிராம் கடிகாரத்தைப் பார்க்கிறது, இன்னும் நேரமாகவில்லை. மீண்டும் தூங்கப் போகிறது. மீண்டும் உடனே எழுப்பப்படுகிறது. இப்படி ஒரு கண நேரமும் ஓயாமல் எழுவதும் படுப்பதுமாகச் செயலி முழுவேகத்தில் சுற்றுகிறது. ஒரு வினாடிக்குக் குறைவாகத் தூங்கி எழும் பழக்கமுள்ள புரோகிராம்கள் எல்லாம் இதில் சிக்கின. மெகாவாட் எங்கே போயிற்று என்பது இப்போது விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்து மிக எளிது. கணிப்பொறியில் இப்போது என்ன நேரம் காட்டுகிறதோ அதே நேரத்தை மறுபடியும் வைத்தால் போதும். நேரம் மாறாது, ஆனால் "கடிகாரம் மாறிவிட்டது" என்ற செய்தி அலாரப் பிரிவுக்குப் போய்ச் சேரும். நகல் திருந்தும். சூடேறிக் கிடந்த கணிப்பொறி அமைதியாகிவிடும். அன்று நிர்வாகிகள் பலர் இந்த ஒற்றை வரிக் கட்டளையால் தப்பினார்கள்.

அந்தச் செய்தியை அனுப்ப முன்னோர்கள் மறந்துவிட்டார்களா? இல்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2007 வரை செய்தி அனுப்பும் வரி கெர்னலில் இருந்தது! அதை வேண்டுமென்றே நீக்கினார்கள். நீக்கியதற்குத் தக்க காரணமும் இருந்தது.

லீப் வினாடியைச் சேர்க்கும் வேலை ஒரு 'குறுக்கீட்டின்' நடுவில் நடக்கிறது. அதாவது, செயலி வேறெந்த அழைப்புக்கும் செவி சாய்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் அவசர வேலை. செய்தியோ எல்லாச் செயலிகளுக்கும் போக வேண்டும். எல்லாம் பதில் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டவர் மற்றவருக்காகக் காத்திருக்க, அந்த மற்றவர் இவர் கதவைத் திறப்பதற்காகக் காத்திருந்தால்? இருவரும் அசைய முடியாது. தலைமையாசிரியர், "எழுத்தர் வந்தால்தான் வருகைப் பதிவேட்டைத் தருவேன்" என்கிறார்; எழுத்தர், "பதிவேட்டைப் பார்த்தால்தான் வருவேன்" என்கிறார். பள்ளி அன்று நடக்குமா? கணிப்பொறியியலில் இதை முட்டுக்கட்டை நிலை என்பார்கள். கணிப்பொறி உறைந்துபோகும். இந்த அபாயத்தை நீக்கவே அந்த வரியை எடுத்தார்கள். எடுத்தபோது எழுதிய குறிப்பில், இதனால் எப்போதாவது ஓர் அலாரம் ஒரு வினாடி தாமதமாக அடிக்கலாம், முந்தி அடிக்கவே அடிக்காது என்று காரணம் காட்டியிருந்தார்கள். நடந்தது நேர்மாறு. கூட்டலா கழித்தலா என்ற குறியில் தடுமாறுவது தேர்வுத்தாளில் மட்டும் நடப்பதல்ல!

முட்டுக்கட்டை வீண் பயமும் அல்ல. 2008 டிசம்பர் 31-ஆம் தேதி லீப் வினாடியின்போது சில லினக்ஸ் கணிப்பொறிகள் உண்மையிலேயே உறைந்தன. "லீப் வினாடி சேர்க்கப்படுகிறது" என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதப் போனதே காரணம். கடிகாரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அந்த வரியை எழுதியது கெர்னல். எழுதியதும் பதிவேட்டுப் புரோகிராமை எழுப்ப வேண்டும்; எழுப்புவதற்கு நேரம் என்ன என்று பார்க்க வேண்டும்; கடிகாரமோ பூட்டியிருக்கிறது. தான் போட்ட பூட்டுத் திறக்கட்டும் என்று தானே காத்து நின்றது. 2007-இல் நுழைந்த பிழை அந்த ஆண்டு பெரிதாக வெளிப்படவில்லை. சுவர்க்கடிகார நேரத்தைச் சொல்லிக் கெர்னலிடம் நேராகக் காத்திருக்கும் வசதி ஒன்று 2008-இன் இறுதியில்தான் சேர்ந்தது. பின்னரே அது பரவலாயிற்று.

2012-இல் பிழையைத் திருத்தியவர் ஜான் ஸ்டல்ட்ஸ். கெர்னலின் நேரக்கணக்குப் பகுதியைப் பராமரிப்பவர்களில் ஒருவர். பழைய வரியை அப்படியே திரும்ப வைத்தால் முட்டுக்கட்டை வரும். வைக்காவிட்டால் செயலி சுற்றும். அவர் கண்ட வழி, செய்தியை உடனே அனுப்பாமல் "அனுப்ப வேண்டியது ஒன்று இருக்கிறது" என்று ஒரு சீட்டு மட்டும் எழுதி வைப்பது. அவசர வேலை முடிந்து கதவு திறந்ததும் சீட்டைப் பார்த்துச் செய்தி அனுப்பப்படும். அதோடு, அலாரப் பிரிவும் ஒவ்வொரு குறுக்கீட்டின்போதும் தன் நகலைப் புதுப்பித்துக்கொள்ளும்படி செய்தார்கள்.

இத்தகைய திருத்தத்தைப் 'பேட்ச்' என்பார்கள். கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டுத்துணிதான். எந்த வரியை நீக்க வேண்டுமோ அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி, சேர்க்கும் வரியின் முன்னால் ஒரு கூட்டல் குறி. மேலே ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம். அடியில் எழுதியவரின் பெயர். அது அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கு மின்னஞ்சலில் போகும். அவரும் பிறரும் எல்லோரும் காணும்படி குறுக்குக் கேள்வி கேட்பார்கள். தேறினால் பராமரிப்பாளர் தம் பெயரையும் சேர்த்து மேலே அனுப்புவார். முடிவில் டோர்வால்ட்ஸிடம் சேரும். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளியாகும். பழைய கெர்னலையே பயன்படுத்துபவர்களுக்காக அதே ஒட்டைப் பழையவற்றுக்கும் போட ஒரு தனிக் குழு உண்டு. 2007-இன் அந்தத் தவறான காரணத்தை இன்று நாம் படிக்க முடிவதும் இந்த ஏற்பாட்டினால்தான். விளக்கம் எதுவும் அழிக்கப்படுவதில்லை.

திருத்தியாயிற்று. சரியாகிவிட்டது என்று எப்படி அறிவது? ஆய்வுக்கூடத்தில் ஊசலை நூறு முறை ஆட்டிப் பார்க்கலாம். லீப் வினாடியோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. எனவே ஸ்டல்ட்ஸ் ஒரு சோதனைப் புரோகிராம் எழுதினார். பெயர் 'லீப்-எ-டே'. கணிப்பொறியை ஏமாற்றி நாள்தோறும் ஒரு லீப் வினாடி வரச் செய்வது அது. இன்றும் கெர்னலோடு சேர்ந்தே கிடைக்கிறது. 2015 ஜூனிலும் 2016 டிசம்பரிலும் லீப் வினாடிகள் வந்தபோது 2012-இன் குழப்பம் மீண்டும் வரவில்லை.

கூகுள் நிறுவனம் வேறு வழியில் போயிற்று. கூடுதல் வினாடியை ஒரே இடத்தில் செருகாமல், ஒரு நாள் முழுவதும் வெண்ணெய் தடவுவதுபோல் தடவிவிடுவது. 86,400 வினாடிகளில் ஒவ்வொன்றையும் சுமார் 11.6 மைக்ரோ வினாடி நீட்டினால் கணக்கு நேராகிவிடும். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

2016-க்குப் பிறகு லீப் வினாடி சேர்க்கப்படவில்லை. பூமி சற்று வேகமாகச் சுழலத் தொடங்கிவிட்டது. 2024 ஜூலை 5-ஆம் தேதி, 86,400 வினாடியைவிட 1.66 மில்லி வினாடி குறைவாகவே நாள் முடிந்துவிட்டது. லீப் வினாடி முறையையே 2035-க்குள் மாற்றிவிடுவது என்று 2022-இல் உலக அளவியல் மாநாடு முடிவு செய்திருக்கிறது. அதற்குள் பூமி முந்திக்கொண்டால், சேர்ப்பதற்குப் பதிலாக ஒரு வினாடியை நீக்க வேண்டிவரும். 2024-இல் நேச்சர் இதழில் வெளியான ஒரு கணக்கு, 2029 வாக்கில் அது தேவைப்படலாம் என்கிறது. 58-ஆவது வினாடிக்குப் பின் 59 வராமல் நேரே அடுத்த நிமிடம் பிறக்கும். அதற்கான வரிகளும் லினக்ஸ் கெர்னலில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. சோதனைகளில் அவை ஓடியதுண்டு. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில், உண்மையான கடிகாரத்தின் மேல், இதுவரை ஒருமுறைகூட ஓடியதில்லை.