மின்சார முச்சக்கர வண்டி நம் வீட்டுக்குத் தோதுப்படுமா?

ஒரு கிழமையில் எத்தனை தடவை நீங்கள் முச்சக்கர வண்டியை வாடகைக்கு அழைக்கிறீர்கள் என்று கணக்குப் பார்த்ததுண்டா, சகோதரி? உம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போக ஒரு தடவை. சின்னவனை மத்ரஸாவில் விட, பிறகு கூட்டி வர இரண்டு தடவை. சந்தைக்கு, தையல் சாமான் வாங்க, மௌத்து வீட்டுக்கு, கல்யாண வீட்டுக்கு என்று அது நீண்டுகொண்டே போகும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இந்த ஓட்டம் முழுவதும் உங்கள் தலையில்தான்.

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கர வண்டி ஒன்றுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் ஒதுக்கினார்கள். வாடகை வண்டிக்காரர் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, கொடுக்க முடியாதவர்கள் வெயிலில் நடந்தோம். மின்சார வண்டி என்ற பேச்சு நம் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். நாட்டில் பதிவாகியிருக்கும் முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் சிலவற்றைப் பெற்றோலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றிப் பார்க்க, போக்குவரத்து அமைச்சும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் சேர்ந்து அதே ஆண்டில் ஒரு முன்னோடித் திட்டத்தை ஆரம்பித்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கப்பட்டதும் கடைகளில் புதிய வண்டிகள் வரிசையாக நிற்கத் தொடங்கின. இப்போது நம் சகோதரிகள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "வாங்கலாமா?"

மின்சார முச்சக்கர வண்டி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, நாம் அறிந்த ஆட்டோவின் அதே உருவம். உள்ளே எஞ்சினுக்குப் பதில் மோட்டாரும் பெரிய லித்தியம் பற்றரியும் இருக்கும். மற்றது ஸ்கூட்டர் போன்ற சின்ன வண்டி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் ஆசனம், பின்னால் கூடை அல்லது இன்னொரு இருக்கை. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஏற்றது என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் இந்தச் சின்ன வண்டியைத்தான். காலை ஊன்றிச் சமநிலை பார்க்க வேண்டியதில்லை; நின்றாலும் விழாது; அபாயாவோடு ஏறி உட்காரலாம். விலையும் குறைவு. ஆகவே இதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

இந்தச் சின்ன வண்டியில் பெரும்பாலும் 60 வோல்ட், 20 அம்பியர்-மணி ஈயப் பற்றரிதான் வரும். பெருக்கிப் பார்த்தால் 1,200 வாட்-மணி, அதாவது நம் மின்சாரக் கட்டணத் துண்டில் வரும் ஓர் அலகைவிடச் சற்றுக் கூட. ஈயப் பற்றரியை அடிமட்டம் வரை வடித்தால் சீக்கிரம் செத்துவிடும். அதனால் முக்கால் பங்குக்கும் குறைவாகவே பாவிக்க வேண்டும். சமதரையில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் என்று வைத்தால், உங்கள் கையில் நிற்பது 25 கிலோமீற்றர். பெட்டியில் 50, 60 என்று அச்சடித்திருப்பார்கள். அது ஒல்லியான ஒருவர், தட்டையான பாதையில், மெல்ல ஓடிய கணக்கு. அவர் பின்னால் அரிசி மூட்டை இருந்திருக்காது.

மலைதான் கேள்வி

மொனராகலை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை 680, பண்டாரவளை 1,225, அப்புத்தளை 1,430 மீற்றர். நாம் ஒரே மாகாணத்துக்காரர்கள்தான். ஆனால் வண்டி வாங்கும் விடயத்தில் புத்தளைச் சகோதரிக்கும் அப்புத்தளைச் சகோதரிக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

கணக்கு இலகுவானது. வண்டி, நீங்கள், பின்னால் உம்மா, கூடையில் சாமான் எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்று வையுங்கள். பத்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில் அந்தப் பாரத்தை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏற்றுவதற்கே சக்கரத்தில் 550 வாட் வலு வேண்டும். பாதையின் உராய்வு அதற்கு மேல். சின்ன வண்டிகள் பலவற்றில் இருப்பது 500 வாட் மோட்டார். அது ஏறவே ஏறாது என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தன் அளவை மீறித் திணறி ஏறும், சூடேறும், நிற்கும். அதே ஏற்றத்தை ஒவ்வொரு நாளும் ஏறினால் மோட்டாரும் அதை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலரும் கருகும். ஈயப் பற்றரிக்கு இன்னொரு குணம் உண்டு. அதிக வலுவை ஒரேயடியாகக் கேட்டால், வைத்திருப்பதைக்கூட முழுதாகத் தராது.

ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் சமதரையில் 2 முதல் 3 கிலோமீற்றர் ஓடுகிற சார்ஜ் கூடுதலாகச் செலவாகும். பெரிய ஆட்டோவுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். வெல்லவாயாவிலிருந்து எல்லைக்கு 27 கிலோமீற்றர் அளவு. ஏற்றம் 800 மீற்றருக்கு மேல். ஆகவே அந்தப் பாதை 50 கிலோமீற்றருக்கான சார்ஜைக் குடிக்கும். சின்ன வண்டியில் அங்கே போக நினைக்கவே வேண்டாம்.

இறங்கும்போது சும்மா உருண்டு வரலாமே என்பீர்கள். எனக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் பயம். பெற்றோல் வண்டியைக் கீழ்க் கியரில் போட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். மின்சார வண்டியில் அந்த வேலையை மோட்டார் செய்ய வேண்டும். அது அப்போது மின்சாரத்தை உண்டாக்கிப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். நல்ல வண்டிகளில் இந்த வசதி உண்டு, மலிவானவற்றில் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் ஒரு சிக்கல். வீடு மேட்டில் இருக்கிறது, இரவு முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டுக் காலையில் இறங்குகிறீர்கள் என்றால் பற்றரி நிறைந்திருக்கும். திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு இடமில்லை. அப்போது பிரேக் ஒன்றே துணை. நீண்ட இறக்கத்தில் அந்தப் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். மேட்டு வீட்டுக்காரர்கள் முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் குறைய வைத்து இறங்குவது நல்லது.

பசறை, லுணுகலை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் லயன் வீடுகளுக்குப் போகும் கல் பாதைகளுக்குச் சின்ன வண்டி உதவாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே இன்னும் பெற்றோல் ஆட்டோதான். மொனராகலை, புத்தளை, வெல்லவாயா என்று ஏ4 வீதியை ஒட்டிய தாழ்ந்த பக்கத்தில், ஒரு நாளைக்கு 15, 20 கிலோமீற்றருக்குள் ஓடும் சகோதரிக்கோ அது நல்ல துணைதான். பக்கினிகஹவெல போன்ற நம்மவர் ஊர்களில் கடை, பள்ளிக்கூடம், மத்ரஸா எல்லாம் கிட்டவே இருப்பதால் ஊருக்குள் ஓடவும் தாராளமாகப் போதும். ஆனால் புத்தளையிலிருந்து கதிர்காமம் போகும் வீதிக்கு இதை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கே யானைகள் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கும். கதவில்லாத வண்டியில் இருந்துகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது!

கட்டணத் துண்டில் ஒரு படி

எரிபொருள் செலவு குறையும் என்பது உண்மை. 2025இல் பெற்றோல் லீற்றர் 300 ரூபாவை அண்டி நின்றது. ஒரு லீற்றரில் பெற்றோல் ஆட்டோ 25 கிலோமீற்றர் ஓடும் என்றால், மின்சார ஆட்டோ அதே தூரத்துக்கு 2 அலகு எடுக்கும். வீட்டு மின்சாரத்தின் மிக உயர்ந்த படியில் கணக்குப் பார்த்தாலும் அது ஒரு லீற்றர் பெற்றோலின் பாதியைத் தொடாது.

ஆனால் கடைக்காரர் சொல்லாத ஒன்று நம் கட்டணத் துண்டிலேயே இருக்கிறது. மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை, 60ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறொன்று. தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 அலகும் புதிய அட்டவணைக்குப் போய்விடும். நிலையான கட்டணமும் ஏறும். சின்ன வண்டியை நாளுக்கு 20 கிலோமீற்றர் ஓட்டினால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மாதம் 25 அலகு போகும். இதுவரை 50 அலகோடு நின்ற வீடு 75க்கு வரும். கடந்த ஆறு மாதத் துண்டுகளை எடுத்து வைத்து, 25 அலகு கூட்டினால் எந்தப் படியில் போய் விழுகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே குளிர்சாதனப் பெட்டியும் மோட்டரும் ஓடும் வீட்டுக்கு இது பெரிய மாற்றமாகத் தெரியாது. சிக்கனமாக வாழும் வீட்டுக்குத்தான் இடி.

சார்ஜ் செய்வதை மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் அந்த நேரம் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும். படுக்கப் போகும் முன் போட்டால் ஈயப் பற்றரிக்கு ஏழெட்டு மணி நேரம். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பும்போது கழற்றிவிடலாம். சின்ன வண்டியின் சார்ஜர் பெரிய மின்சாரம் இழுக்காது. ஆட்டோ வாங்கினால் மட்டும், பழைய வீட்டின் 5 அம்பியர் உருண்டைக் கால் பிளக்கில் ஒருநாளும் சொருகாதீர்கள். அதற்கு எர்த் உள்ள 15 அம்பியர் பிளக்கைத் தனி வயரில் இழுக்க வேண்டும். அறைக்கு அறை இரவல் வயர் இழுத்த வீடுகளில் முதலில் வயரிங்கைச் சரி செய்யுங்கள். கட்டிலுக்குப் பக்கத்திலும் வெளிக் கதவை மறித்தும் சார்ஜ் செய்யவே கூடாது. தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும்.

அடுத்தது பற்றரியின் ஆயுள். தினமும் ஆழமாக வடித்தால் ஈயப் பற்றரி 300, 400 சார்ஜுக்குத்தான் தாங்கும். அதாவது ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம். மொனராகலை வெயில் அதை இன்னும் சுருக்கும். இரும்பு-பொஸ்பேட் வகை லித்தியம் பற்றரி 2,000 சார்ஜ் வரை போகும்; விலை அதிகமானாலும் தினமும் ஓடுபவருக்கு அதுவே மலிவு. ஈயப் பற்றரியை வடிந்த நிலையில் நாட்கணக்கில் போட்டுவைத்தால் மறுபடி உயிர் பெறாது. ஊருக்குப் போகும்போது நிரப்பிவிட்டுப் போங்கள். லித்தியத்துக்கு நேர்மாறு, பாதி நிரம்பியிருக்க நிழலில் விடுவது நல்லது.

எனவே பெற்றோலில் மிச்சமாகும் காசை அப்படியே செலவழித்துவிடாமல் ஒரு பங்கைப் பற்றரிக்கென்று ஒதுக்குங்கள். பெண்கள் நாம் சீட்டுப் பிடிப்பதில் கெட்டிக்காரிகள். ஒரு சீட்டை இதற்கென்றே பிடிக்கலாம். தவணைக்கு வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாலைந்து வருடத் தவணை முடிவதற்குள் ஈயப் பற்றரி மூன்று தடவை மாறிவிடும். வட்டியைத் தவிர்க்க இஜாரா முறையில் எடுப்பவர்கள், தவணை முடியும்வரை வண்டி நிதி கொடுப்பவரின் உடைமை என்பதால், பற்றரி மாற்றும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் வாசித்துவிட்டே கையொப்பமிடுங்கள்.

மூன்று சக்கரத்தின் குணம்

மூன்று சக்கரம் விழாது என்பது நிற்கும்போதுதான் உண்மை. வளைவில் சைக்கிள் போல உடலைச் சாய்த்துத் திருப்ப முடியாது; வேகமாகத் திருப்பினால் உட்பக்கச் சக்கரம் தூக்கும். பின்கூடையில் உயரமாகப் பாரம் ஏற்றினால் இன்னும் சீக்கிரம் தூக்கும். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரை, இருக்கையில் பிடித்துக்கொண்டு வராமல், அடித்தட்டில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். இரு சக்கர வண்டியில் குழியை விலக்கி ஓட்டலாம். இதில் மூன்று தடம், ஏதாவது ஒரு சக்கரம் குழியில் இறங்கியே தீரும். உம்மாவுக்கு இடுப்பு வலி என்றால் பின் இருக்கையில் முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

அபாயாவின் ஓரமும் சால்வையின் நுனியும் சக்கரத்தில் சுற்றிக்கொள்வது சின்ன ஆபத்து அல்ல, கழுத்தையே இறுக்கிவிடும். பின் சக்கரங்களுக்கு முழு மறைப்பும், செயினுக்கு மூடியும் இல்லாத வண்டியை எடுக்க வேண்டாம். பின்னால் இருக்கும் பிள்ளையின் காலுக்கும் அதுவே பாதுகாப்பு.

இனி சட்டம். முச்சக்கர வண்டி ஓட்ட பி1 வகுப்பு உள்ள சாரதி அனுமதிப் பத்திரம் வேண்டும். சின்ன வண்டியை விற்பவர், "இதற்கு நம்பரும் வேண்டாம், லைசன்சும் வேண்டாம்" என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் வண்டியின் மாதிரியைச் சொல்லி விசாரித்துவிட்டே காசைக் கொடுங்கள். பதிய வேண்டிய வண்டியைப் பதியாமல் ஓட்டினால் காப்புறுதியும் கிடைக்காது. ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்து அடிபட்டால் முழுச் செலவும் உங்கள் மேல்.

வாங்கப் போகும் நாளில் நீங்கள் தனியே போகாதீர்கள். நானாவையோ மச்சானையோ கூட்டிப் போங்கள். ஆனால் வண்டியை ஓட்டிப் பார்ப்பது நீங்களாக இருங்கள். கடைக்கு முன்னால் ஒரு சுற்று ஓடுவதில் ஒன்றும் தெரியாது. பின்னால் ஓர் ஆளை ஏற்றி, உங்கள் வீட்டுக்குப் போகும் பாதையில் உள்ள மிகச் செங்குத்தான இடத்துக்குக் கொண்டுபோங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்துங்கள். கைப் பிரேக் பிடிக்கிறதா, வண்டி பின்னால் உருள்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து மறுபடி எடுங்கள். மேலே போனதும் இறங்கி மோட்டாருக்கு அருகில் கையைக் கொண்டுபோங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த வண்டி உங்கள் பாதைக்கு ஆகாது. பின்னோக்கிச் செல்லும் கியர் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒடுங்கிய ஒழுங்கைகளில் அது இல்லாமல் தவிப்பீர்கள். பின் சக்கரம் இரண்டுக்கும் வலு போகிறதா, ஒன்றுக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஒன்றுக்கு மட்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும்.

திரும்பி வந்ததும் கடைக்கார நானாவிடம் இரண்டு கேள்வி. இந்த வண்டியின் கன்ட்ரோலர் பழுதானால் மொனராகலையிலோ பதுளையிலோ மாற்றித் தருபவர் யார்? கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றால் எத்தனை நாள்? பிறகு புதிய பற்றரித் தொகுதியின் விலையை, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதோடு சேர்த்து, அன்றைய திகதி போட்டுப் பற்றுச்சீட்டின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.