வெற்று மதிப்பை ஏன் வாசலிலேயே மறிக்க வேண்டும்?

ஜாவா கன்ஸ்ட்ரக்டர் ஒன்றுக்கு ‘நல்’ எனப்படும் வெற்று மதிப்பு வருகிறது. கன்ஸ்ட்ரக்டர் அதைச் சோதிக்காமல் ஃபீல்டில் போட்டுக்கொள்கிறது, நிரலும் ஓடுகிறது. நெடுநேரம் கழித்து வேறொரு மெத்தட் அந்த ஃபீல்டைப் பயன்படுத்தும்போதுதான் எக்ஸெப்ஷன் வெடிக்கிறது. ஸ்டாக் ட்ரேஸைப் புரட்டினால் அந்த அப்பாவி மெத்தட்தான் மாட்டும். முடிந்துபோன அழைப்புகள் ஸ்டாக்கில் தங்குவதில்லை. மதிப்பைக் கொடுத்தவர் எப்போதோ நழுவிவிட்டார்.

இதற்கென்றே 2011இல் ஜாவா 7 ‘ரெக்வயர்நான்நல்’ மெத்தடைத் தந்தது. கன்ஸ்ட்ரக்டரின் தொடக்கத்திலேயே அதைப் போட்டால், கொடுத்தவர் கையும் களவுமாகப் பிடிபடுவார்.

ஆப்ஜெக்டின் நிலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ‘நெக்ஸ்ட்’ அழைக்காமல் இட்டரேட்டரிடம் ‘ரிமூவ்’ கேட்டால், எதையோ நீக்கி ஒப்பேற்றாமல் ‘இல்லீகல்ஸ்டேட்’ எக்ஸெப்ஷனை வீசுகிறது. ஆனால் சோதனை மாற்றத்துக்கு முன்பே நடக்க வேண்டும். பாதி மாற்றிவிட்டு மறுத்தால் ஆப்ஜெக்ட் அரைகுறையாக நிற்கும்.