அப்பா முடிந்து வைத்த காசு

குலதெய்வம் ஊரில் இருக்கிறது; நாம் இங்கே இருக்கிறோம். பிழைக்க வந்த நம்மில் பலருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வேலைக்கு ஆபத்து என்றாலும், ஒரு மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுகிறோம். ஊருக்குப் போகும்போது செலுத்திவிடலாம் என்று நினைப்பு. அப்புறம் ஊருக்குப் போவது என்பது கல்யாணம், காதுகுத்து, ரிசர்வேஷன், லீவு என்று ஆகிவிடுகிறது. முடிச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எங்கள் அப்பா 2014 பிப்ரவரியில் காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்து, பூஜை அலமாரியை ஒழுங்கு செய்தபோது, பின்வரிசையில் ஓர் ஓவல்டின் டப்பா கிடைத்தது. உள்ளே ஏழு மஞ்சள் முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு நூலால் கட்டியிருந்தது. சீட்டில் அப்பாவின் கையெழுத்தில் தேதியும் இரண்டு மூன்று சொற்களும். பழைய முடிச்சுகளில் துணி வெளுத்து, தொட்டால் கிழியும் நிலையில் இருந்தது.

யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காதவர் என்று பெயர் வாங்கியவர் அப்பா. அவர் வைத்துவிட்டுப் போன கடன் இது ஒன்றுதான்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். தாத்தா பாபநாசம் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு கேட்டு வளர்ந்த பையன் 1961இல் பம்பாய்க்கு வந்து, பரேலில் ஒரு மில்லில் டைம்கீப்பர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கிளம்பும்போது ஆச்சி ஒரு சின்னத் துணியில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் பிடிமண்ணைக் கட்டிக் கொடுத்தாளாம். எங்கள் குலதெய்வம் அதுதான். அய்யனாருக்குக் காலண்டர் படம் எதுவும் இங்கே கிடைக்காத காலத்தில், அந்தப் பிடிமண் சிமிழுக்குத்தான் அப்பா விளக்கேற்றிக் கும்பிட்டார். கூட இருந்த பிள்ளையாரும் முருகனும் பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

டோம்பிவிலியில் ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அப்பாவின் நாள் விடியற்காலை நாலரை மணிக்குக் குழாய்த் தண்ணீரோடு தொடங்கும். டிரம்மை நிரப்பி, குளித்து, திருநீறு பூசி, சிமிழின் முன்னால் இரண்டு நிமிடம் நிற்பார். சத்தமாக ஒன்றும் சொல்ல மாட்டார். சாமியிடம் என்ன பேசுகிறார் என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. "போயிட்டு வாரேன்னு சொல்லுதேன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பூஜை.

டோம்பிவிலியிலிருந்து வி.டி. சுமார் 48 கிலோமீட்டர். அந்த நாளில் வி.டி.தான், 1996இல்தான் பெயர் மாறியது. டோம்பிவிலியில் ஏறினால் நிற்கக்கூட இடமிருக்காது. அதனால் பலர் எதிர்ப்பக்கம் கல்யாணுக்குப் போய், அதே வண்டியில் உட்கார்ந்தபடி திரும்பி வருவார்கள். டோம்பிவிலியிலிருந்து எடுத்த பாஸ் அதற்குச் செல்லாது. ஆனாலும் யார் கேட்கப் போகிறார்கள்? அப்பா மட்டும் பாஸையே கல்யாணிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார். மாதத்துக்குச் சில ரூபாய் கூடுதல். அம்மாவுக்கு இதில் நிரந்தரக் கோபம்.

அப்படிச் சம்பாதித்த இருக்கையிலும் அவர் முழுதாக உட்கார்ந்ததில்லை. மூன்று பேர் பலகையில் நான்காவது ஆள் ஒட்டிக்கொள்வதுதான் நம் லோக்கல் வண்டி தர்மம். தானாவில் ஏறும் ஒரு மராட்டிய நண்பருக்கு அப்பா தினமும் நாலாவது சீட்டுக்கு இடம் விடுவார். அந்தப் பெட்டியில் ஒரு பஜனைக் கூட்டம் உண்டு. தாளம் தட்டிக்கொண்டு விட்டலனைப் பாடுவார்கள். அப்பாவுக்கு மராட்டி வந்ததே அந்தப் பாட்டுகளின் வழியாகத்தான். தசராவுக்கு முன்னால் பெட்டிக்குத் தோரணம் கட்டிப் பூஜை போடும்போது தேங்காய் உடைக்கிற வேலையை 'அண்ணா'வுக்குத்தான் கொடுப்பார்கள்.

இனி அந்தச் சீட்டுகளுக்கு வருகிறேன்.

முதல் சீட்டு: 'மே 1974. அப்பா.' நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் மே 8ஆம் தேதி தொடங்கி 27ஆம் தேதி வரை நடந்தது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில்தான் தாத்தாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. அப்பா மூன்று நாள் தாதருக்கும் வி.டி.க்கும் அலைந்தார். வண்டி கிடைக்கவில்லை. நாலாம் நாள் இரண்டாவது தந்தி வந்துவிட்டது. மூத்த மகன் இல்லாமலே கொள்ளி வைத்தாயிற்று. பதினாறாம் நாளுக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. முதல் தந்திக்கும் இரண்டாவது தந்திக்கும் நடுவில் கட்டிய முடிச்சு இது. பலிக்காத வேண்டுதலுக்கு முடிந்த காசை ஏன் பிரிக்காமல் வைத்திருந்தார் என்று அம்மாவைக் கேட்டேன். "கேட்டது கிடைக்கலேன்னா கொடுக்கேன்னு சொன்னது இல்லேன்னு ஆயிருமா?" என்றாள்.

அந்தப் பதினாறுக்குப் போனபோதே கோயிலுக்குப் போயிருக்கலாம். ஆனால் துக்க வீடு. வருஷம் திரும்பாமல் குலதெய்வத்தின் வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம். திரும்பி வந்த பிறகு அப்பா ஒரு தீர்மானத்துக்கு வந்தார்: அடுத்த முறை தனியாக இல்லை, குடும்பத்தோடுதான் காரையாறு போவது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஐந்து பேர் மெட்ராஸ் மெயிலில் போய், எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டி பிடித்து, திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், பாபநாசம், அப்புறம் மலை. போக வர வண்டியிலேயே ஐந்தாறு நாள் கழியும். குமாஸ்தா சம்பளத்தில் அது நடக்கிற காரியமா?

இரண்டாவது சீட்டு அக்காவின் டைபாய்டு, 1979. மூன்றாவது, 'ஜனவரி 1982. மில்.' அந்த மாதம் 18ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அது முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை என்பார்கள். எங்கள் வீட்டிலும் முடியவில்லை. அப்பாவின் மில் திறக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் அம்மா முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றாள். அக்காவும் நானும் பள்ளி முடிந்து பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுப்போம். அப்பா வேலை இல்லாத நாட்களிலும் அதே நேரத்துக்குக் குளித்து, திருநீறு பூசி, "போயிட்டு வாரேன்" சொல்லிவிட்டுக் கிளம்புவார். எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியாது. பிறகு பைகுல்லாவில் ஒரு லாரி கம்பெனியில் பாதிச் சம்பளத்துக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

நான்காவது சீட்டு எங்களுக்குப் புரியவில்லை. '1988. நா.சீ. வீட்டம்மா.' அம்மாவுக்கும் தெரியவில்லை. தம்பி ஏதோ வேடிக்கையாகச் சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஐந்தாவது, '12-3-93. பெரியவன்.' பெரியவன் நான்தான். தொடர் குண்டுவெடிப்பு நடந்த வெள்ளிக்கிழமை. 257 பேர் இறந்துபோன அந்த நாளில் கோட்டைப் பகுதி ஆபீஸில் இருந்தேன். வீட்டில் போன் கிடையாது. நான் இரவு ஒன்பதரைக்கு வந்தபோது அப்பா ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இப்படி ஒரு முடிச்சு போட்டதை அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

ஆறாவது தம்பி வேலைக்கு. ஏழாவது சீட்டைப் படித்துவிட்டு என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். '26-7-2005. மருமகள் நடந்து வருகிறாள்.' சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். குர்லாவில் வண்டி நின்றுபோக, அவளும் கூட வேலை பார்க்கும் பெண்களும் தண்டவாளத்தின் மேலேயே நடக்கத் தொடங்கினார்கள். செல்போன் செத்துப்போவதற்கு முன் கடைசியாகச் சொன்னது அதுதான்: "நடந்து வரேன் மாமா." மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். அவள் வருவதற்கு முன் எழுதிய சீட்டு அது. வந்த பிறகு அவர் அதைத் திருத்தவில்லை.

இவ்வளவு வருடத்தில் பணவசதி வராமலா போய்விட்டது? வந்தது. 1996இலிருந்து நான் நன்றாகவே சம்பாதித்தேன். ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அப்பா கேட்பார். அந்த நாளில்தான் காரையாற்றில் பெருந்திருவிழா. இங்கே அதே அமாவாசை 'தீப அமாவாஸ்யா'. பக்கத்து வீட்டு ஆயி குத்துவிளக்குகளை எல்லாம் துலக்கி வரிசையாக வைத்துப் பூஜை செய்வாள். அப்பா கொட்டுகிற மழையில் கல்யாண் கழிமுகக் கரைக்குப் போய்த் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வருவார். நனைந்த வேட்டியோடு வாசலில் நின்றபடியே கேட்பார்: "அடுத்த வருஷமாவது எல்லாரும் போயிட்டு வந்துருவமா?" "அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம்பா" என்பேன். மகளுக்குப் பரீட்சை, எனக்கு ஆடிட், வீட்டுக் கடன். சிங்கப்பூருக்கு ஒரு முறை போய் வந்தோம். அதற்கு மட்டும் லீவு கிடைத்தது.

2015 மே மாதம், வருஷம் திரும்பிய பிறகு, எல்லோரும் கிளம்பினோம். ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லா முடிச்சிலும் இருந்தது ஒன்றே கால் ரூபாய், அதாவது ஒரு ரூபாயும் ஒரு நாலணாவும். மராட்டியில் இதையே 'சவ்வா ருப்பயா' என்பார்கள். இருபத்தைந்து பைசா நாணயம் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. செல்லாக் காசை உண்டியலில் போடலாமா? புதுக் காசு மாற்றி வைக்கலாம் என்றேன். அம்மா முடிச்சைத் தொடவிடவில்லை. "அவுக கட்டினது. அப்படியே போடு. இத்தனை வருஷம் காக்க வச்சதுக்குப் பொங்கல் வச்சிருவோம்" என்றாள்.

அம்பாசமுத்திரத்தில் வேன் பிடித்தோம். கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது; பாபநாசம் வனத்துறைச் செக்போஸ்ட்டில் பைகளைச் சோதித்துத்தான் விட்டார்கள். தாமிரபரணி சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பட்டவராயருக்குத் தோல் செருப்பு நேர்ந்து கட்டுவார்கள். சாமி அதைப் போட்டுக்கொண்டு இரவில் நடப்பதால் செருப்பு தேய்ந்துபோகிறது என்பது நம்பிக்கை. மும்பையில் பிறந்த என் மகள் தொங்கும் செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, "நிஜமாவே தேய்ஞ்சிருக்குப்பா" என்றாள்.

அம்மா ஆற்றங்கரை மணலில் கல் கூட்டிப் பொங்கல் வைத்தாள். ஆறு முடிச்சுகளை நான் உண்டியலில் போட்டேன். 1974ஆம் வருடத்து முடிச்சு விரலிலேயே கிழிந்து, நாலணா கீழே உருண்டுவிட்டது. அக்கா தேடி எடுத்துக் கொடுத்தாள். ஏழாவதை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். "யாருக்குன்னு தெரியாம போடக் கூடாது."

அது யார் என்று தெரிந்தது சமீபத்தில்தான். டோம்பிவிலி ஸ்டேஷன் பாலத்தில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். அப்பாவின் ரயில் நண்பர், தானாவில் ஏறுகிறவர். இப்போது மகனோடு டோம்பிவிலியில்தான் இருக்கிறாராம். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் மஞ்சள் முடிச்சைப் பற்றிச் சொன்னேன். காகா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். 1988இல் அவர் மனைவிக்குப் பெரிய ஆபரேஷன். பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். "அன்றைக்கு அண்ணா தன் இடத்தை முழுதாக எனக்குக் கொடுத்துவிட்டுப் பைகுல்லா வரை நின்றுகொண்டு வந்தார். எங்கள் ஊர்ச் சாமியிடம் சொல்லியிருக்கிறேன், வீட்டம்மா எழுந்ததும் நீங்களும் வந்து சொல்லிவிட்டு வரணும் என்றார்" என்று காகா சொன்னார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம் இருந்து, 2009இல்தான் போனாராம். நா.சீ. என்றால் நாலாவது சீட்டு.

முடிச்சை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார். அங்கே வந்து தானே போட வேண்டுமாம். இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனவர். மலைப்பாதை, மூப்பு, வெயில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம் காகா" என்று வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன்.

கல்யாணிலிருந்து நான்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மாவுக்கும் காகாவுக்கும் கீழ் பெர்த். பட்டவராயர் செருப்பைப் பற்றி நான் அன்று சொன்னதைக் கேட்டுவிட்டு, சொந்தக்காரர் மூலம் கோலாப்பூரிலிருந்து ஒரு ஜோடித் தோல் செருப்பு வரவழைக்கப் போகிறாராம். சாமிக்கு என்ன அளவு என்று இரண்டு முறை போன் பண்ணிக் கேட்டுவிட்டார்.