ஒரு நாள் கூலியும் ஓர் உயிரும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவோ ஊர்த் திருவிழாவோ நெருங்கும்போது, நம் இல்லங்களில் சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையும் வெளியே வந்துவிடும். "ஆள் வைத்தால் செலவாகுமே, நாமே பார்த்துக்கொள்வோம்" என்று குடும்பத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். மூத்த மகன் அண்டை வீட்டிலிருந்து ஏணியைத் தூக்கி வருகிறான். சிறு பிள்ளைகள் வாளியைச் சூழ்ந்து நிற்கின்றனர். உடல் உழைப்பைத் தாழ்வாகக் கருதாத இம்மனப்பான்மை போற்றுதற்குரியதே. ஆயினும் ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். ஏணியையும் மட்டையையும் இரவல் வாங்கிவிடலாம். தொழிலாளி பல்லாண்டு காலம் பழகிப் பெற்ற எச்சரிக்கையை இரவல் வாங்க இயலாது. அதை நாமே கற்றுக்கொள்ளவேண்டும்.

சுண்ணாம்பும் கண்ணும்

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் நீர் பட்டதும் அது கொதித்துப் பொங்குவதை யாவரும் கண்டிருப்போம். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். ஆகவே இரும்பு அல்லது மண் பாத்திரத்தில் முதலில் நீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுவதே முறை. நீற்றி முடியும்வரை பிள்ளைகள் அருகில் வரலாகாது.

சூடு ஆறிய பின்னும் ஆபத்து தீர்வதில்லை. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. கண்ணில் தெறித்தால் கருவிழியை அரித்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். உட்கூரைக்கு வெள்ளையடிப்பவர் அண்ணாந்து பார்த்தே வேலை செய்வதால், கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி இன்றி அப்பணியைத் தொடங்கலாகாது. தெறித்துவிட்டால், இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரைக் குறைந்தது 20 நிமிடம் இடைவிடாது ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாய்ப்பால் விடுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் வேண்டாம்; கழுவ வேண்டிய பொன்னான நிமிடங்கள் அவற்றில் வீணாகிவிடும்.

ஏணியும் கூரையும்

ஏணியை மிகச் செங்குத்தாக வைத்தால் பின்னால் சாயும். மிகச் சரித்து வைத்தால் அடி வழுக்கும். 12 அடி உயரத்தில் சாய்த்தால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். நான்குக்கு ஒன்று என்பதே கணக்கு. ஏணியின் காலைப் பிடித்துக்கொள்ள வளர்ந்தவர் ஒருவர் நிற்க வேண்டும். பத்து வயதுச் சிறுவன் போதாது. எட்டாத இடத்துக்கு எட்டி வளைவதும், மேசைமேல் நாற்காலி போட்டு ஏறுவதும் வேண்டவே வேண்டாம். அலுமினிய ஏணியைத் தூக்கி நடக்கும்போது, தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பியை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு மனிதரின் பாரத்தைத் தாங்காது. வெயிலிலும் மழையிலும் பழையதான தகடு, கால் வைத்தவுடன் எச்சரிக்கை ஏதுமின்றி உடைந்துவிடும். ஓட்டையை அடைக்க அதன்மீது ஏறுவதைத் தவிருங்கள்.

மின்சாரம்

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். ஈரச் சுவரும் ஈரக் கையும் அதற்குப் பாதை அமைத்துக் கொடுக்கின்றன. சுவிட்சுப் பலகையருகே வெள்ளையடிக்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஃப்யூஸ் கட்டை உள்ள வீடாயின், அதைக் கழற்றி வேலை செய்பவர் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது; அறியாமல் வேறொருவர் இணைப்புக் கொடுத்துவிட முடியாது. இன்வெர்ட்டர் உள்ள இல்லங்களில் மெயினை நிறுத்தினாலும் சில கம்பிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனையும் நிறுத்த வேண்டும். எவரையேனும் மின்சாரம் தாக்கிவிட்டால், பதறிப்போய் அவரைத் தொடலாகாது. முதலில் மெயினை நிறுத்துங்கள்; பின்னர் 108க்கு அழையுங்கள்.

கண்ணுக்குப் புலப்படாத தூசி

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, சன்னல்களில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அத்தூசி காற்றில் கலந்து, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் செல்லும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலால் நீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். அவ்வேளையில் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் வேறிடத்தில் இருப்பது நலம். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுப்பதும் துளையிடுவதும் இன்னும் கொடியது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம்.

மூடிய தொட்டி

கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது. அங்குத் தேங்கும் நச்சுவாயு சில மூச்சிலேயே மனிதரை வீழ்த்திவிடும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கும் தம்பியும் மகனும் அடுத்தடுத்து மடிவதே இதிலுள்ள பெருந்துயரம். நாம் இறங்கக் கூடாத இடத்தில், கூலி கொடுத்துப் பிறரை இறக்குவதும் தகாது. பாதுகாப்புச் சாதனமின்றி ஒருவரை அதனுள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அவரும் ஒரு வீட்டின் தந்தையே. இயந்திர வண்டியை வரவழையுங்கள்.

இல்லத்தில் பழுது பார்க்கும் வேலை நடக்கும் நாளில், வேலை செய்யாத ஒருவரைக் கண்காணிப்புக்கு அமர்த்துங்கள். அன்னையோ பாட்டியோ எவராயினும், "போதும், இறங்குங்கள்" என்று அவர் சொன்னால், காரணம் கேளாமல் இறங்கிவிடுவது அந்த நாளின் ஒழுங்காக இருக்கட்டும். அரைகுறையாக வெள்ளையடித்த சுவரோடும் பெருவிழாவைக் கொண்டாடலாம். வீட்டில் அனைவரும் நலமாக இருந்தால் போதும்.